முழங்கால் வலியும் அக்குபங்சர் ஊசியும்: மூளையில் என்ன நடக்கிறது?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் குமுளிப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளுக்கு, மூட்டு வலிக்குச் சிகிச்சை அளித்துவரும் மருத்துவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கூடலூர்): ஐயா, அம்மாவுக்கு வயது 58. இருபது ஆண்டுகளாக ஜீப்பில் மலையேறிப் போய் ஏலக்காய் பறிக்கிறார். முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரே பார்த்தவர்கள் சொன்னார்கள். தேய்ந்த மூட்டை ஊசி சரிசெய்துவிடுமா?

பதில்: சரிசெய்யாது. மருந்து ஏற்றாமல் மெல்லிய ஊசிகளை உடலில் குத்தும் அக்குபங்சர் சிகிச்சை, தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்ப்பதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏலக்காய் செடியின் தூரில் காய்ப்பதால், பறிப்பவர் நாள் முழுவதும் குத்தவைத்தே நகர வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைத் தாங்கிய மூட்டிலிருந்து கிளம்பும் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வலியாக உணரப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் செய்தி வந்துகொண்டிருந்தால் நரம்புகள் கூர்மையடைந்து, சிறு அசைவைக்கூடப் பெரும் வலியாகக் காட்டத் தொடங்கும். எக்ஸ்ரேயில் தேய்மானம் ஒரே அளவில் தெரிகிற இருவரில், ஒருவர் படியேறுவதும் மற்றவர் எழுந்து நிற்கவே தவிப்பதும் இதனால்தான்.

ஊசி வேலை செய்வது இந்தச் செய்திப் பாதையில். தோலிலும் தசையிலும் உள்ள நுண்ணிய நரம்புகளை அது தூண்டுகிறது. அத்தூண்டல் நடுமூளையில் உள்ள ஒரு சாம்பல் நிறப் பகுதியை எட்டும்போது, அங்கிருந்து தண்டுவடத்தை நோக்கி, வலியை அடக்கும் கட்டளை இறங்குகிறது. உடலே சுரக்கும், அபினைப் போல வலியைக் குறைக்கும் எண்டார்ஃபின்களுக்கும் இதில் பங்குண்டு. கையில் ஊசி குத்தியதால் குறைந்த பல் வலி, அபின் வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் திரும்பியதாக 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதனோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (குமுளி): மூளையை ஸ்கேன் செய்து இதைப் பார்த்திருக்கிறார்களா?

பதில்: பார்த்திருக்கிறார்கள். எம்ஆர்ஐ மூலம் மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தை அளந்த அமெரிக்க ஆய்வாளர்கள், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குச் சில வாரங்கள் ஊசி சிகிச்சை கொடுத்தபோது, மேலே சொன்ன நடுமூளைப் பகுதிக்கும் மூளையின் முன்பகுதிக்கும் இடையிலான தொடர்பு மாறியதைக் கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் சில பத்துப் பேரே என்பதால், அந்தப் படங்களைக் காட்டி யாரேனும் பெரிய உறுதிமொழி தந்தால் நம்பிவிடாதீர்கள்.

கேள்வி (போடி): நம்பிக்கையால்தான் வலி குறைகிறது, ஊசியால் இல்லை என்கிறார் என் அண்ணன்.

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முழங்கால் நோயாளிகளிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் 53 சதவீதத்தினரும், வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 51 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதத்தினரும் பலன் கண்டார்கள். அமெரிக்காவில் 570 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்விலோ உண்மையான ஊசி போலி ஊசியைச் சற்று முந்தியது. என் கணிப்பில், ஊசி குத்தும் குறிப்பிட்ட புள்ளியின் பங்கு சிறியது; ஊசியின் தூண்டல், குணமாகும் என்ற எதிர்பார்ப்பு, தொட்டுப் பார்த்து நிதானமாகக் கேட்கும் வைத்தியர் ஆகிய எல்லாம் சேர்ந்த பங்கு பெரியது. அதற்காக அந்த நிவாரணத்தைப் பொய் என்று தள்ளவும் கூடாது, ஏனெனில் எதிர்பார்ப்பும் மூளையின் அதே வலியடக்கும் பாதையையே இயக்குகிறது.

கேள்வி (கம்பம்): ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மின்சாரம் இணைத்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். யாராயினும் உறை பிரிக்காத புது ஊசியைக் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கூடலூர், முதலில் கேட்டவரே): வலி குறைந்தால் அம்மா மறுபடியும் மலைக்குப் போகலாமா?

பதில்: வலி குறைந்திருக்கும் அந்த வாரங்களை முதலில் தொடைத் தசையை வலுவாக்கப் பயன்படுத்துங்கள். நாற்காலியில் அமர்ந்து, காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். இதைக் காலையும் மாலையும் பத்து முறை செய்யட்டும். தோட்டத்துக்குப் போயே ஆக வேண்டுமென்றால், குத்தவைப்பதற்குப் பதில் சிறு முக்காலியில் உட்கார்ந்து பறிக்கட்டும், சரிவில் இறங்கும்போது கம்பு ஊன்றட்டும். மூட்டு சூடாகி வீங்கிக் காய்ச்சலும் வந்தால், ஊசிக்குப் போகாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.