லேசு என்ற சொல்லோடு ஒரு சண்டை

கேள்வி: சூடாக்கினால் பொருள் லேசாகிவிடும் என்கிறார்களே, எவ்வளவு லேசாகும்? எல்லாப் பொருளும் அப்படித்தானா?

பதில்: இந்த ‘லேசு’ என்ற சொல்லோடு எனக்கு ரொம்ப நாள் பகை. இதே பக்கத்தில் முன்பும் சண்டை போட்டிருக்கிறேன், இன்றைக்கும் போடுகிறேன். ஒரு கிலோ எஃகைச் சூடாக்கினாலும் அது ஒரு கிலோதான். அணுக்கள் கூடுதலாக ஆடுகின்றன, ஆட ஆட ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சம் தள்ளி நிற்கின்றன, கனஅளவு கூடுகிறது. அதே நிறை கூடுதல் இடத்தில் பரவுவதால் அடர்த்தி குறைகிறது. குறைவது அடர்த்தி, எடை இல்லை. ‘சூடான காற்று லேசு, அதனால் மேலே போகிறது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், ஒரு கிலோ சூடான காற்று ஒரு கிலோவைவிடக் குறைவு என்றுதானே அவர்கள் நினைப்பார்கள்? ஒரு கன மீட்டர் இடத்தில் 20 டிகிரியில் சுமார் 1.2 கிலோ காற்று இருக்கும், 100 டிகிரியில் 0.95 கிலோதான். வெப்பக்காற்று பலூனைத் தூக்குவது இந்தக் கால் கிலோ வித்தியாசம்தான்.

எவ்வளவு என்றால், அது பொருளைப் பொறுத்தது. ஒரு மீட்டர் எஃகுக் கம்பியை 100 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் 1.2 மில்லிமீட்டர் நீளும், அடர்த்தி அரை சதவீதம்கூடக் குறையாது. தண்ணீர் 4 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குப் போவதற்குள் அடர்த்தியில் 4 சதவீதம் இழந்துவிடும்.

அப்புறம் அந்த ‘எல்லா’. தண்ணீரே அதற்கு அடங்காது, 0 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரை சூடாகச் சூடாக அடர்த்தி கூடும். குளிர்நாட்டு ஏரி மேலே உறைந்து அடியில் மீன் பிழைத்துக் கிடப்பது அதனால்தான். ஆனால் நான் சொல்ல ஆசைப்படுவது இரும்பை. இரண்டு முனையையும் கட்டி, மின்சாரம் பாய்ச்சி, நன்றாகப் பழுக்க வைத்த இரும்புக் கம்பி நடுவில் தொய்ந்து தொங்கும். மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆற ஆற மேலே ஏறும், ஏறிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் சட்டென்று கீழே இறங்கும், பிறகு மறுபடி ஏறும். 912 டிகிரிக்கு மேல் இரும்பின் அணுக்கள் நெருக்கமான அடுக்கில் இருக்கின்றன, அதற்குக் கீழே வந்ததும் தளர்வான அடுக்குக்கு மாறுகின்றன. ஆறும்போதே நீளுகிறது, பாருங்கள்! அறையை இருட்டாக்கிக்கொண்டு பார்த்தால், கம்பி இறங்கும் அந்த நொடியில் அடுக்கு மாறும்போது வெளிவரும் வெப்பத்தில், மங்கிவந்த சிவப்பு ஒருமுறை பிரகாசமாகி அடங்குவதும் தெரியும்.