ஒரே நோட்டில் எழுதுங்கள், தம்பி

இங்கு வந்து பதினோரு மாதமான ஒரு தம்பி கேட்டிருந்தார். போன மாதம் அவருடைய அப்பா தவறிவிட்டார். செய்தி கேட்டு விமானம் பிடித்து ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கேள்வி இதுதான்: "அக்கா, வந்த நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். எங்கே சுற்றினேன், எந்த ஓட்டலில் சாப்பிட்டேன் என்று ஜாலியாக எழுதிய நோட்டு. அதில் அப்பா செத்ததை எழுதக் கை வரவில்லை. அதற்குத் தனி நோட்டு போடட்டுமா? வெள்ளிக்கிழமை ஆபீஸில் எல்லோரும் வெளியே சாப்பிடப் போகிறார்கள். நானும் போனால் தப்பா?"

தம்பி, தப்பில்லை, போங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நோட்டு விஷயத்தை முதலில் பேசலாம், ஏனென்றால் அந்தத் தப்பை நான் செய்திருக்கிறேன்.

நான் வந்து பதினேழு வருஷம். அம்மா போனது ஐந்தாவது வருஷத்தில். அப்போது என்னிடம் ஒரு நீல நோட்டு இருந்தது, உங்களுடையதைப் போலவே ஊர் சுற்றியதும் சாப்பிட்டதும் எழுதுவதற்கு. அம்மா போனதும் கடைக்குப் போய் நல்ல அட்டை போட்ட புது நோட்டு ஒன்று வாங்கினேன். அம்மாவுக்காக மட்டும். பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தால் பதினொன்றும் ஒரே பக்கம்தான்: தாங்க முடியவில்லை, நம்ப முடியவில்லை, ஏன் போனாய். எழுதும்போது அத்தனையும் உண்மைதான். ஆனால் அதில் அம்மா இல்லை. எந்த அம்மாவுக்கு வேண்டுமானாலும் அதை எழுதியிருக்கலாம்.

என் அம்மா இருப்பது நீல நோட்டில். அம்மாவுக்காக ஊருக்குக் கிளம்பிய அந்த விமானத்தையும், பயணம் என்பதால் பழக்கதோஷத்தில் அதிலேயே எழுதியிருந்தேன். அப்படியே எடுத்துத் தருகிறேன்: "32 கே. ஜன்னல். பக்கத்து சீட் காலி, அதில் ஹேண்ட்பேக். சாப்பாட்டின் அலுமினிய மூடியைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்து இரண்டு வாய். சப்பென்று இருக்கிறது. இறங்க இன்னும் 6 மணி 10 நிமிஷம். அந்தப் பெண் தட்டை எடுக்க வந்து, ஏதாவது வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டாள்."

சோகத்தில் நாக்கு செத்துவிட்டது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, விமானத்துக்குள் எல்லோருக்கும் அப்படித்தான். உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போல இருக்கும். காற்றோ காய்ந்த காற்று. மூக்கு வறண்டு வாசனை மட்டுப்படும், உப்பும் இனிப்பும் நாக்கில் குறைவாகத் தெரியும், என்ஜின் இரைச்சல் வேறு இனிப்பை இன்னும் மழுக்கும். அந்தச் சப்பில் அம்மா எவ்வளவு, விமானம் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. திரும்பி வந்த வாரம் தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டியதும் அதே கதைதான். கடக்கும் ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும் என்பார்கள், கிழக்கே போனால் இன்னும் கஷ்டம். உங்களுக்கும் இப்போது தூக்கம் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் மனசின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தேதியையும் கவனமாக எழுதுங்கள். அம்மா போன செய்தி எனக்கு வழியில், விமானம் மாறும் இடத்தில் வந்தது. போனை ஆன் செய்தேன், ஊரில் இருக்கும் என் தம்பியின் மெசேஜ். ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. நான் புறப்பட்டு வந்த நாட்டில் இன்னும் முந்தின நாள். நோட்டில் இரண்டு தேதியும் இரண்டு மணியும் எழுதி நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். வருஷா வருஷம் எந்தத் தேதியில் நினைப்பது என்று எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சின்னச் சண்டைகூட வந்தது. அவன் ஊர்த் தேதி என்றான். சரி என்றேன். ஆனால் இங்கே கோட்டுக்கு இந்தப் பக்கத்துத் தேதி வரும் சாயங்காலமே எனக்கு என்னவோ போல ஆகிவிடும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஒரே ஒரு முறை இங்கு வந்து ஆறு வாரம் இருந்தாள். நான்கைந்து ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். மெனு அட்டையை வலது பக்க விலையிலிருந்துதான் படிப்பாள். ஒவ்வொரு இடத்திலும் மேஜையில் வைக்கும் காகித நாப்கினில் ஒன்றை, பயன்படுத்தாமல், நான்காக மடித்து ஓரத்தை நகத்தால் நீவி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்வாள். "எதற்கும்மா?" என்றால் "இருக்கட்டும், வழியில் உதவும்" என்பாள். எனக்கு மானம் போகும். ஒரு நாள் சர்வர் பார்க்கிறார் என்று மேஜைக்கு அடியில் அவள் கையைத் தட்டிக்கூட விட்டேன். இதையும் நீல நோட்டில் எழுதியிருக்கிறேன், சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்: "அம்மா இன்றும் ஒன்று சுட்டாள்."

அவள் போன பிறகு பீரோவில் அந்த ஹேண்ட்பேக் இருந்தது. உள் ஜிப்பில் ஐந்து நாப்கின். மடிப்பு கலையவில்லை. ஒன்றின் மூலையில் ஓட்டலின் பெயர் அச்சடித்திருந்தது, நான் கையைத் தட்டிவிட்ட அதே ஓட்டல். அதை எங்கே வைப்பது? சாவு நோட்டிலா, சாப்பாட்டு நோட்டிலா, பயண நோட்டிலா? அன்றைக்குத்தான் புது நோட்டை மூடினேன். நாப்கின் இப்போது நீல நோட்டில், அந்த ஓட்டலைப் பற்றி எழுதிய பக்கத்திலேயே இருக்கிறது.

மனசில் இருப்பதைக் கொட்டி எழுதினால் ஆறிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1986-இல் அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்த ஒருவரும், மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து பதினைந்து பதினைந்து நிமிஷம் தங்கள் மனசை உலுக்கிய விஷயத்தை எழுதச் சொன்னார்கள். எழுதிய கையோடு மனசு இன்னும் கனத்ததாம். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் டாக்டரிடம் போனது குறைந்தது. அதைக் கேட்டுத்தான் நானும் புது நோட்டு வாங்கினேன். பின்னாளில், நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்களிடம் செய்து பார்த்தபோது அந்தப் பலன் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே கொட்ட வரவில்லை என்றால் குறை ஒன்றும் இல்லை. சீட் நம்பரை எழுதுங்கள், போதும்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நெதர்லாந்தில் ஸ்ட்ரோபே, ஷூட் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் சொன்ன ஒரு விஷயம் எனக்குச் சரியாகப் பட்டது. துக்கத்தில் இருப்பவர் ஒரு நேரம் இழப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், ஒரு நேரம் அதை விட்டுவிட்டு வேலை, வீடு, ஆட்கள் என்று திரும்புவார். இப்படிப் போய்ப் போய் வருவதுதான் இயல்பு என்றார்கள். எனக்கு இது ஒரே சாப்பாட்டு மேஜையில் நடந்தது. அம்மா போய் ஆறாவது வாரம். யாரோ ஒரு கதை சொன்னார்கள், நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த உடனே ஏதோ திருடியதைப் போல இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அடுத்த கதைக்கும் சிரித்தேன். இரண்டும் நோட்டில் இருக்கின்றன, அடுத்தடுத்த வரியில்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே செய்துவிடுங்கள். நீங்கள் போனது எதற்கு என்று மேஜையில் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. யாராவது ஒருவர் "லீவு எப்படி, ஜாலியா?" என்று கேட்பார். என்னிடம் கேட்டார்கள், நல்ல மனுஷன், தெரியாமல்தான் கேட்டார். நான் "நன்றாக இருந்தது" என்று சொல்லித் தொலைத்தேன். அந்த வார்த்தை ஒரு மாதம் தொண்டையிலேயே இருந்தது. ஆபீஸில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் வியாழக்கிழமையே சொல்லிவையுங்கள், மற்றவர்களிடம் அவரே சொல்லிவிடுவார்.

அப்புறம், டைரிக்கு நீங்கள் யோசித்திராத ஒரு உபயோகமும் உண்டு. நிரந்தரமாகத் தங்கும் உரிமை, குடியுரிமை என்று நாளைக்கு எந்த விண்ணப்பம் போட்டாலும் எந்தத் தேதி வெளியே போனீர்கள், எந்தத் தேதி உள்ளே வந்தீர்கள் என்று வருஷக்கணக்கில் கேட்பார்கள். கனடாவில் குடியுரிமைக்கு ஐந்து வருஷத்தில் 1,095 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பொதுவாக ஐந்து வருஷத்தில் 450 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பல விமான நிலையங்களில் இப்போது இயந்திரக் கதவுதான், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுவதில்லை. என் விண்ணப்பத்தில் அம்மாவுக்காகப் போன அந்தப் பயணத்தின் தேதியைப் பார்த்து எழுதியது நீல நோட்டிலிருந்துதான். பயணக் காரணம் என்ற கட்டத்தில் எழுத மூன்று அங்குல இடம்கூட இல்லை.

இன்னும் உங்கள் அம்மா ஊரில் இருக்கிறார் என்பதால் சொல்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை எழுதிவையுங்கள். ஆறு மாதம் மிச்சம் இல்லையென்றால் பல இடங்களில் ஏற்றமாட்டார்கள். விசா ஒரு முறை நுழைவதற்கானதா, பல முறைக்கானதா என்றும் எழுதுங்கள். நடுராத்திரி போன் வந்த பிறகு இதையெல்லாம் தேட முடியாது.

வெள்ளிக்கிழமை பில்லை வாங்கிக்கொண்டு வாருங்கள். ஆனால் நோட்டில் ஒட்டாதீர்கள். அது சூட்டில் அச்சாகும் தாள், பசையோ செலோடேப்போ பட்டால் எழுத்து மங்கிவிடும், என்னிடம் வெள்ளையாகிப்போன பில் ஏழெட்டு இருக்கிறது. அதைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளுங்கள்: நாள், மேஜை நம்பர், எத்தனை பேர், யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அப்பா வந்திருந்தால் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றினால் அதையும்.