ஆத்தங்குடிக் கல் டிசைன் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப், ஃபோட்டோஷாப் என்ற மூன்று வரைகலை மென்பொருள்களையும் பயன்படுத்துகிறோம். புதிய பதிப்புகளில் ஐகான்கள் எல்லாம் ஒரே சாம்பலாக, அடையாளம் தெரியாமல் இருக்கின்றன. நிழலும் மேடுபள்ளமும் இல்லாமல் தட்டையாக வரையும் பிளாட் டிசைன்தான் காரணமா? சரிசெய்ய வழி உண்டா?

வழி உண்டு, மூன்றிலும் உண்டு. ஆனால் பிளாட் டிசைன் மேல் முழுப் பழியையும் போட முடியாது. உங்கள் கல்லையே பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமென்ட் ஊற்றி எடுக்கும் பூவில் நிழல் இல்லை, மேடு பள்ளம் இல்லை. இருந்தும் கூடத்தின் மறுகோடியில் நின்று பார்த்தால் பூ பூவாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி வெளிக்கோடு இருக்கிறது, பக்கத்து நிறத்திலிருந்து அது விலகியும் நிற்கிறது. தட்டையாக்கியபோது ஐகான்கள் இந்த இரண்டையும் சேர்த்தே இழந்துவிட்டன. சிக்கல் அங்கேதான்.

2012இல் விண்டோஸ் 8, 2013இல் ஐஓஎஸ் 7, 2014இல் கூகுளின் மெட்டீரியல் டிசைன் என்று அலை அடித்தது. வரைகலை மென்பொருள்களில் ஃபோட்டோஷாப் சிஎஸ்6 2012இலேயே கருமைத் தோற்றத்துக்குப் போனது. ஜிம்ப் 2.10, ஏப்ரல் 2018இல் வந்தபோது கருமைத் தோற்றத்தையும் (தீம்) சிம்பாலிக் எனப்படும் ஒற்றை நிற ஐகான்களையும் இயல்பாக்கியது. இதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. படத்தைச் சுற்றிப் பளிச்சென்ற நிறங்கள் இருந்தால் படத்தின் நிறத்தைக் கண் தவறாக எடைபோடும். காவிச் சிவப்புக்கும் அரக்குச் சிவப்புக்கும் வித்தியாசம் பார்க்கிற உங்கள் வேலையில் இது உண்மையிலேயே முக்கியம். ஆகவே எல்லாச் சாம்பலையும் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். கோடு வரையும் வேலைக்கு வண்ண ஐகான், நிறம் பொருத்தும் வேலைக்குச் சாம்பல் ஐகான் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இனி, ஏன் தெரியவில்லை என்று பார்ப்போம். முதல் காரணம் கான்ட்ராஸ்ட், அதாவது ஐகானுக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு. பின்னணி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகள், 0 முதல் 255 வரை) 83, 83, 83 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஐகான் 128, 128, 128 என்றால் விகிதம் 2:1கூட வராது. 166, 166, 166 ஆக்கினால் 3:1ஐச் சற்றே தாண்டும். வெள்ளையாக்கினால் 7.7:1 கிட்டும். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த உதவும் வழிகாட்டி நெறியான டபிள்யூசிஏஜி 2.1 (2018) ஐகான் போன்ற எழுத்தல்லாத உறுப்புகளுக்குக் கேட்பது குறைந்தபட்சம் 3:1. மென்பொருளுக்கும் இதை அளவுகோலாக வைக்கலாம். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிக்கரால் ஐகானையும் பின்னணியையும் தொட்டு எண்களை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விண்டோஸின் 125% டிஸ்ப்ளே ஸ்கேலிங், அதாவது திரையில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. லேப்டாப்பில் பல நேரம் இது தானாகவே இந்த அளவில்தான் வரும். ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு 1.25 பிக்சல் ஆகும்போது திரையால் கால் பிக்சலைக் காட்ட முடியாது. அந்த மிச்சம் பக்கத்துப் பிக்சலில் வெளிறிய சாம்பலாகக் கசியும். மெல்லிய கோட்டு ஐகான் மங்குவது இதனால்தான். பழைய வண்ண ஐகான் நிரப்பிய வடிவம் என்பதால் இந்தக் கசிவைத் தாங்கிக்கொண்டது. 100% அல்லது 200% வைத்தால் கோடு கூர்மையாகும். அது ஒத்துவராவிட்டால் மென்பொருளுக்குள்ளேயே ஐகான் அளவை ஒரு படி ஏற்றிவிடுங்கள்.

மூன்றாவது, வடிவ ஒற்றுமை. ஃபோட்டோஷாப்பில் படத்தின் ஒரு பகுதியை வெளிரச் செய்யும் டாட்ஜ் கருவியின் ஐகான் குச்சியில் செருகிய வட்டம். இருட்டறையில் படம் அச்சிட்ட காலத்தில் வெளிச்சத்தை மறைக்கப் பிடித்த கருவியின் உருவம் அது. இருட்டறையைப் பார்க்காத தலைமுறைக்கு அது பூதக்கண்ணாடி மாதிரிதான் தெரியும். அவர்கள் ஜூம் என்று நினைத்து அழுத்துவதில் வியப்பில்லை. ஜிம்பில் ஃபஸி செலக்ட் (தொட்ட இடத்தை ஒட்டிய ஒத்த நிறத்தைத் தேர்வது), செலக்ட் பை கலர் (அந்த நிறம் எங்கிருந்தாலும் தேர்வது) இரண்டையும் குழப்புவதும் இதே வகை. முன்பு நிறம் கொஞ்சம் காட்டிக்கொடுத்தது, இப்போது அதுவும் இல்லை.

ஜிம்ப் 2.10இல் எடிட் > பிரிஃபரன்சஸ் > இன்டர்ஃபேஸ் > ஐகான் தீம் போய் 'கலர்' அல்லது 'லெகசி' தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் ஐகான் அளவைத் திரையை வைத்து ஊகிக்கும் அமைப்பை நீக்கி, மீடியம் அல்லது லார்ஜ் வையுங்கள். தீம் அமைப்பை மட்டும் லைட்டுக்கு மாற்றிவிட்டு ஐகானை விட்டுவிட்டால் அது பின்னணியில் கரைந்துபோகும். அப்போது சிம்பாலிக், சிம்பாலிக்-இன்வர்ட்டட் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். மார்ச் 2025இல் வந்த ஜிம்ப் 3.0இல் 'யூஸ் சிம்பாலிக் ஐகான்ஸ்' என்ற டிக்கை எடுத்தால் நிறம் திரும்பிவிடும். ஜிம்ப் 2.10.18இலிருந்து ஒத்த கருவிகள் ஒரே பொத்தானுக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. 'கருவியே காணோம்' என்ற புகார் அதனால்தான் வருகிறது. இன்டர்ஃபேஸ் > டூல்பாக்ஸ் பக்கத்தில் 'யூஸ் டூல் குரூப்ஸ்' டிக்கை எடுங்கள். அங்கேயே வேண்டாத கருவிகளின் கண் அடையாளத்தை அணைத்துவிடலாம். ஐகான்கள் குறைந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இங்க்ஸ்கேப் 1.0 முதல் பிரிஃபரன்சஸ் > இன்டர்ஃபேஸ் > தீமிங் பகுதியில் ஐகான் தீம் அமைப்பை மாற்றலாம். அங்கே சிம்பாலிக் டிக்கை எடுத்துவிட்டு மல்டிகலர் அல்லது டாங்கோ வையுங்கள். கல் டிசைனுக்கு அதிகம் உதவுவது கிரியேட் டைல்டு குளோன்ஸ் (எடிட் > குளோன்). ஒரு வடிவத்தைத் திருப்பியும் பிரதிபலித்தும் தளத்தை நிரப்பும் சமச்சீர் வகைகள் பதினேழும் அதில் இருக்கின்றன. கால் பூ வரைந்தால் முழுத்தளத்தையும் அது நிரப்பிக் காட்டும். ஆனால் கருவிப்பட்டியில் அதற்கு ஐகான் கிடையாது. பிரிஃபரன்சஸில் ஒரு ஷார்ட்கட் கொடுத்துவிடுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் வண்ண ஐகானுக்கு வழியில்லை. பிரிஃபரன்சஸ் > இன்டர்ஃபேஸில் நான்கு நிறத் தீம்கள் உண்டு. வாசல் வெளிச்சம் நேராகத் திரையில் விழும் காரைக்குடிக் கடைத்தெருக் கடையில் மிகக் கருமையான தீம் எடுபடாது. கண்ணாடிபோல் எதிரே போகும் வண்டியைத்தான் காட்டும். வெளிர்சாம்பல் தீம் வையுங்கள். படத்தைச் சுற்றிய இடத்தில் வலது கிளிக் செய்து அந்த நிறத்தை மட்டும் நடுச்சாம்பலாக்கினால் நிறக்கணிப்பும் கெடாது. யுஐ ஃபான்ட் அளவை லார்ஜ் ஆக்கி 'ஸ்கேல் யுஐ டு ஃபான்ட்' டிக் செய்தால் ஐகானும் சேர்ந்து பெரிதாகும். மென்பொருளை மூடித் திறந்தபின்தான் மாற்றம் தெரியும். பலர் இதை அறியாமல் வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

எந்த அமைப்பு தேறியது என்று சோதிக்க ஓர் எளிய முறை: கருவிப்பட்டியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டீசாச்சுரேட் செய்து (நிறத்தை நீக்கி), 1.5 பிக்சல் காஸியன் பிளர் போட்டுச் சற்று மங்கலாக்குங்கள். அதற்குப் பிறகும் எது எது என்று சொல்ல முடிந்தால் அந்த ஐகான்கள் போதும். சொல்ல முடியாதவற்றுக்கு விசைப்பலகை வழியைப் பிடியுங்கள். ஜிம்பில் சாய்கோட்டை (/) அழுத்தினாலும், இங்க்ஸ்கேப் 1.1 முதல் கேள்விக்குறியை அழுத்தினாலும் தேடல் பெட்டி திறக்கும். கருவியின் பெயரைத் தட்டினால் போதும். ஒரே விசை எல்லா மென்பொருளிலும் ஒன்றைச் செய்யாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எம் என்பது ஜிம்பில் மூவ் (நகர்த்துவது), ஃபோட்டோஷாப்பில் மார்க்யூ (செவ்வகமாகத் தேர்வது).

ஒரே கணினியில் இரண்டு மூன்று பேர் வேலை பார்த்தால், ஃபோட்டோஷாப்பில் எடிட் > டூல்பார் போய் தேவையில்லாத கருவிகளை 'எக்ஸ்ட்ரா டூல்ஸ்' பக்கம் இழுத்துவிட்டு, 'சேவ் பிரீசெட்' கொடுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு போட்டு எல்லாம் இடம் மாறினாலும் 'லோட் பிரீசெட்' மூலம் அதே வரிசையைத் திரும்பக் கொண்டுவரலாம்.