எலிக்கு வைத்த மருந்து கூகையைக் கொல்லாமலிருக்க

கும்பகோணம் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: “சம்பா வயல் வரப்பில் புரோமாடியோலோன் கேக் வைத்தேன். எலி குறைந்தது. ஒரு வாரத்தில் பம்புசெட் ஓரம் ஒரு கூகை ஆந்தை செத்துக் கிடந்தது. பறவைகளுக்குக் கெடுதல் இல்லாத எலி மருந்து எது?”

அப்படி ஒரு மருந்து கிடையாது ஐயா. உங்கள் கூகை எதனால் செத்தது என்பது ஈரலைச் சோதித்தால்தான் தெரியும். ஆனால் சந்தேகம் நியாயமானது. புரோமாடியோலோன் இரத்தத்தை உறையவிடாது. தின்ற எலி உடனே சாகாமல் சில நாள் தள்ளாடித் திரியும். ஈரலில் மருந்தைச் சுமந்துகொண்டு ஓட முடியாமல் கிடக்கும் அந்த எலிதான் கூகையிடம் முதலில் சிக்கும். துத்தநாக பாஸ்பைடு வேறு வகை. வயிற்றுக்குள் பாஸ்பீன் வாயுவாகிச் சீக்கிரமே கொல்லும், எலியின் சதையில் அதிகம் தங்காது. கூகைக்கு ஆபத்து குறைவுதான். ஆனால் அதையே அரிசியில் கலந்து வரப்பில் தூவினால் மயிலும் புறாவும் நேராகக் கொத்தித் தின்று சாகும். மனிதர் வயிற்றில் போனாலும் முறிவு மருந்து இல்லை.

உங்களிடம் இருக்கும் கேக்கையே வரப்பின் மேல் வைக்காமல் வளைக்குள் வையுங்கள். சாயங்காலம் எல்லா வளைகளையும் சேற்றால் அடைத்துவிடுங்கள். விடிந்ததும் பார்த்தால் சிலது திறந்திருக்கும், வாயில் புது மண் தள்ளியிருக்கும். எலி இருப்பது அவற்றில்தான். கையுறை போட்டுக்கொண்டு, குச்சியால் கேக்கை உள்ளே நன்றாகத் தள்ளி, வாயை மூடுங்கள். மருந்தும் மிச்சமாகும். பிறகு பத்து நாளாவது தினமும் காலையில் வயலைச் சுற்றி, செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். வாய்க்காலில் வீசவே கூடாது. இந்த வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம்.

கிட்டி என்னும் வில்பொறியை வைக்கத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள். தஞ்சாவூர் கிட்டிக்கு மருந்தே வேண்டாம், மறுநாள் காலையிலேயே பலன் தெரியும். வரப்பை ஒடுக்கமாக வெட்டினால் எலி வளை தோண்ட இடமிருக்காது. கதிர் பொதி கட்டிய பிறகு எலி மருந்தைத் தேடி வராது, பயிரே அதற்குத் தீனி. அதனால் நடவுக்கு முன்பே, பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் செய்யுங்கள். நீங்கள் மட்டும் செய்தால் அடுத்த வயல் எலி இங்கே குடியேறும்.

வீட்டு நாய் கேக்கைத் தின்றுவிட்டால், நோய்க்குறி தெரியும்வரை காத்திருக்காமல் மருந்து அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 முறிவு மருந்தாக இருக்கிறது.