பெட்டி பெரிசா, காம்பரா பெரிசா?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் தரையில் நிற்கிற ஸ்பீக்கர்களைப் பற்றிய கடிதங்கள்தான். வழக்கம்போல வெட்டிச் சுருக்கிப் போடுகிறேன்.

கொழும்புக் கடையொன்றில் ஆளுயர ஸ்பீக்கர் சோடி ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள், அருமை. ஒவ்வொன்றிலும் இரண்டு 8 அங்குல வூஃபர் (அடிச் சத்தம், அதாவது பேஸ், தருகிற பெரிய கூம்பு). எங்கள் முன்காம்பரா 12க்கு 10 அடி, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். வாங்கலாமா அண்ணே? – ஹட்டன்

வேண்டாம் தம்பி. கடைக்காரர் போட்டுக் காட்டியது அவருடைய பெரிய கூடத்தில். 12 அடி நீளமான அறை 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) பக்கத்திலும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் தானாகவே அதிர ஆரம்பிக்கும். பேஸ் கிட்டாரும் பெரிய மேளமும் வந்து விழுவது அங்கேதான். ஆக, சில சுரங்கள் மட்டும் கும்மென்று எழும்பி, பாடுகிறவரின் குரலை மூடிவிடும். பெட்டியின் காற்றுத் துளை பின்பக்கம் இருந்து, அதைச் சுவரோடு ஒட்டியும் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கம்பளமும் திரைச்சீலையும் கீச்சுச் சத்தத்தைத்தான் அடக்கும். பேஸ் அதையெல்லாம் கடந்து போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுப்பும், அப்புறம் சண்டை உங்களுக்கு.

நிற்கிற பெட்டிதான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், 5 அல்லது 6 அங்குல வூஃபர் உள்ள ஒல்லியான மாடலைப் பாருங்கள். பின்சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி முன்னால் இழுத்து வையுங்கள். நீங்களும் தலை சுவரில் முட்டுகிற மாதிரி உட்கார வேண்டாம், அங்கேதான் பேஸ் கூடுதலாகக் குவியும். அதற்குப் பிறகும் கும்மினால் பழைய காலுறையைச் சுருட்டித் துளைக்குள் செருகிப் பாருங்கள், காசில்லாத வைத்தியம். உண்மையில் இந்த அறைக்கு ஸ்டாண்டில் வைக்கிற சின்னப் பெட்டியே போதும், ஆனால் அதைச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை. எனக்கும் ஒருவர் சொல்லத்தான் செய்தார்; 12 அங்குல வூஃபர் சோடி ஒன்று இன்றைக்கும் என் வீட்டு மூலையில் நிற்கிறது, ஒன்றின் மேல் ஃபோன் சார்ஜர், மற்றதன் மேல் மூக்குக்கண்ணாடி.

தங்க முலாம் பூசிய வயர் போட்டால் சத்தம் தெளிவாகுமா? – நாவலப்பிட்டி

ஆகாது. 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செப்பு வயர் போதும்.

ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப்ளிஃபயர் ஒன்று 48,000 ரூபாவுக்கு வாங்கினேன். "அப்படியே பிளக்கில் போடுங்க மிஸ், ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். போட்டதும் புகை வந்தது. பில்லில் "விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அடித்திருக்கிறது. – ஆசிரியை, பதுளை

உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை டீச்சர். ஜப்பானில் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், இங்கே 230. அங்கிருந்து வந்த அம்ப்புக்கு நடுவில் வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபோமர் ஒன்று இல்லாமல் பிளக்கில் போட்டால் புகைதான் வரும். இது விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அம்ப்பைத் திறக்க வேண்டாம். பின்பக்கத் தகட்டில் 100வி என்று இருப்பதை ஒரு படம் எடுங்கள். ரிப்பேர்காரரிடம் எது எரிந்தது, ஏன் எரிந்தது என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், கடைக்காரர் சொன்ன வார்த்தையை அப்படியே அதில் எழுதுங்கள். சரிவரவில்லை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு. 1977 என்ற எண்ணுக்கு எடுத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள், தமிழிலேயே எழுதலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். பொய் சொல்லி விற்பதை அதே சட்டம் தடுக்கிறது, பில்லில் அந்த வரியை அடித்தது கடைக்காரர்தானே, பாராளுமன்றம் இல்லையே. விடாதீர்கள்.

2000 வாட்ஸ் செட் 35,000 ரூபா, 60 வாட்ஸ் அம்ப் மட்டும் 90,000 ரூபா. இதில் ஏதோ ஏமாற்று இருக்கிறதா? – தலவாக்கலை

இருக்கிறது, 2000 என்ற இடத்தில். பிஎம்பிஓ (PMPO, உச்ச இசைத் திறனாம்) என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது ஒரு நொடியின் துளியில் கூட நிஜமாக வெளியே வராத, விற்பனைக்காரன் மனசுக்குத் தோன்றிய இலக்கம். செட்டைத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 60 வாட்ஸ் இழுக்கிற பெட்டி 2000 வாட்ஸ் பாடினால் மின்சாரம் எடுக்கிற சமனலவெவ நீர்த்தேக்கத்தையே மூடிவிடலாமே! அதைவிட, அறையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட்ஸே தாராளம் என்பதை எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள். 88 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) என்று போட்ட ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபெல் தரும், அதுவே காது கூசுகிற சத்தம்தான். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் வாட்ஸைக் கேட்பதை விட்டுவிட்டு ஸ்பீக்கரின் டெசிபெல் எண்ணைக் கேளுங்கள், எத்தனை ஓம் (கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை) என்று கேளுங்கள், 4 ஓம் ஸ்பீக்கரை உங்கள் அம்ப் தாங்குமா என்று கேளுங்கள். பதில் தெரியாமல் முழிக்கிற கடையில் காசை எடுக்க வேண்டாம்.

ஒரு ஸ்பீக்கர் "பிரைட்", மற்றது "வாம்" என்கிறார் கடைக்காரர். நான் கேட்பது நாதஸ்வரமும் பழைய சினிமாப் பாட்டும். – பண்டாரவளை

கேட்பது இன்னது என்று எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், நன்றி. நாதஸ்வரம் ஏற்கெனவே கூர்மையான வாத்தியம். சிமெந்துத் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் கீச்சுச் சத்தம் தூக்கலான "பிரைட்" ஸ்பீக்கரும் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் காது வலிக்கும். பழைய ஒலிப்பதிவின் இரைச்சலையும் அது தூக்கிக் காட்டும். கீச்சு அடங்கி இதமாக ஒலிக்கிற "வாம்" ஸ்பீக்கரை எடுங்கள், ஆனால் நன்றாகக் கேட்டுவிட்டு. உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டு போங்கள், கடைக்காரரின் டெமோ பாட்டு எதிலும் நன்றாகத்தான் இருக்கும். பாடகி மூச்சு இழுக்கிற இடத்தைக் கவனியுங்கள், "ஸ" வருகிற இடத்தில் சீறுகிறதா பாருங்கள். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் போடச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கத்துவதுதான் காதுக்கு எப்போதும் நல்லதாகப் படும், விற்க வேண்டியதன் சத்தத்தைக் கூட்டிவைக்கிற தந்திரம் இவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு.

ஃபேஸ்புக்கில் படம் பார்த்து முழுக்காசையும் வங்கியில் போட்டேன். ஸ்பீக்கர் வந்தது, ஒரு பக்கம் சத்தமில்லை. – மஸ்கெலியா

கேட்காமல், பார்க்காமல், ஆள் யாரென்றும் தெரியாமல் முழுக்காசு. சரி, போனது போகட்டும். அம்ப்பை நிறுத்திவிட்டு இடது, வலது வயரை மாற்றிப் போட்டீர்களா? அமைதி மறுபக்கம் போனால் பிழை அம்ப்பில் அல்லது வயரில், ஸ்பீக்கரில் இல்லை. இதைக்கூடச் செய்யாமல் அந்த மனிதரைத் திட்டி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

பழைய ஸ்பீக்கர் சோடி மலிவாக வருகிறது. எங்கள் ஊர் ஈரத்துக்கு நிற்குமா? – நுவரெலியா

கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ரப்பர் என்றால் பயமில்லை. ஸ்பொஞ்ச் மாதிரி இருந்து விரலில் கறுப்பாக உதிர்ந்தால், வளையம் மாற்றுகிற செலவைக் கழித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். பெட்டியின் அடிப்பலகை ஊதியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வெறும் சிமெந்தில் வைக்காமல் ஒரு கல் பலகை மேல் வையுங்கள்.

தகரக் கூரை. மழை பெய்தால் பாட்டே கேட்பதில்லை. இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்கவா? – வட்டவளை

வட்டவளையில் இருந்துகொண்டு மழையோடு போட்டியா? ஹெட்ஃபோன் வாங்குங்கள். இடி முழங்கினால் அம்ப்பின் பிளக்கைக் கழற்றுங்கள்.