வீட்டுக் கடன்: நெல்லை வாசகர் கேள்விகள்

கே: வீட்டுக் கடனை அரசு தள்ளுபடி செய்யப்போகிறதாமே? (வள்ளியூர்)

இல்லை. நகைக் கடன், பயிர்க் கடன் அறிவிப்புகளை இதோடு குழப்பாதீர்கள். தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கே: பிரதமர் திட்ட வட்டி மானியம் எனக்குக் கிடைக்குமா? (அம்பாசமுத்திரம்)

கடன் வாங்கிய வருடத்தைக்கூட எழுதாமல் கேட்டால் எப்படி? 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதியான கடனுக்குத்தான் இப்போதைய நகர்ப்புறத் திட்டம். குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வேறு பக்கா வீடு இருக்கக் கூடாது. அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணைகளில் வரும். மனு கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள்.

கே: தவணை மாறவில்லை, 15 வருடக் கடன் 21 வருடமாகிவிட்டது. (மேலப்பாளையம்)

வட்டி ஏறியபோது காலத்தை நீட்டியிருக்கிறார்கள். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் ரிசர்வ் வங்கி உத்தரவு. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிதான் ரெப்போ. 2025-இல் அது ஒன்றேகால் சதவீதம் போல இறங்கியது. உங்கள் வட்டி இறங்கவில்லையென்றால் பழைய முறைக் கடனாக இருக்கும், ரெப்போவோடு சேர்ந்து ஏறி இறங்கும் வட்டிக்கு மாற்றக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள்.

கே: மூன்று தவணை பாக்கி. பதிவுத் தபால் வந்தது, வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டோம். சரிதானே? (பாளையங்கோட்டை)

சரியே இல்லை. முப்பது வருடம் வங்கியில் இருந்தவன், இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வாங்காவிட்டால் கதவில் ஒட்டுவார்கள், பேப்பரிலும் போடுவார்கள். நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சர்ஃபேசி என்பது கோர்ட்டில் வழக்குப் போடாமலே அடமான வீட்டை வங்கி எடுக்க வழிசெய்யும் சட்டம். அதன்படி அந்த நோட்டீசுக்கு 60 நாள் அவகாசம். ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். தவணையைத் திருத்தி அமைக்கச் சொல்லிக் கேட்கவும் இதுதான் நேரம். வீட்டைக் கையகப்படுத்திய பிறகு மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயம்தான் கதி, அதற்கும் 45 நாள்தான். வண்ணார்பேட்டையில் ஒரு அம்மா பிரிக்காத கவரை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். குங்குமம் அப்பியிருந்த அந்தக் கவரை நான் பிரித்தது 52-ஆம் நாள். மகன் துபாயிலிருந்து பாக்கியை அனுப்பியதால் வீடு தப்பியது. உங்கள் நோட்டீஸ் நகலை நாளைக்கே கிளையில் கேட்டு வாங்குங்கள். பதிலை எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

கே: கடன் முடிந்து இரண்டு மாதம், பத்திரம் வரவில்லை. (களக்காடு)

30 நாளில் தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும். எழுதிக் கேளுங்கள்.