ரோமாபுரியில் செல்லாத காசு

கேள்வி: ரோமப் பேரரசு கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஆட்டம் கண்டதற்கு அந்நியர் படையெடுப்புதானே காரணம்? காசில் வெள்ளி குறைந்ததை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?
– வாசகி, தேவகோட்டை

பதில்: படையெடுப்பு உண்டுதான். 260-இல் பேரரசர் வலேரியனையே பாரசீக மன்னர் முதலாம் ஷாப்பூர் உயிரோடு பிடித்துக்கொண்டு போனார். ஆனாலும் காசை நான் பெரிதாகத்தான் சொல்வேன். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய, போன குடும்பம் எங்களுடையது. ஜப்பான்காரன் அங்கே அடித்துவிட்ட ரூபாய் நோட்டு, அவன் தோற்ற 1945-இல் வெறும் தாளாகிப்போனதை எங்கள் ஐயா சொல்லிச் சொல்லி வருந்துவார்.

235-இல் பேரரசர் செவெரஸ் அலெக்சாந்தரை அவருடைய சிப்பாய்களே கொன்றார்கள். அதிலிருந்து 284 வரை, ஐம்பது வருஷத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள்! பட்டத்துக்கு வருகிறவர் முதல் காரியமாகப் படைக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் தலை தப்பாது. கஜானாவிலோ வெள்ளி போதவில்லை. செம்பைக் கலந்து காசை அடித்துத் தள்ளினார்கள். முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்து தினாரியஸ் என்ற காசு ஏறக்குறையச் சுத்த வெள்ளி. 215-இல் பேரரசர் கரகல்லா ஒரு புதுக்காசு விட்டார். மதிப்பு இரண்டு தினாரியஸ், உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான் தேறும். 270 வாக்கில் அந்தக் காசில் நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை. செம்புக்கு மேலே மினுக்கும் பூச்சு, அவ்வளவுதான்.

எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற ஊரில் கிடைத்த 260-ஆம் வருஷத்துப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று என்னை விடாமல் பிடித்திருக்கிறது. அந்த ஊர் லேவாதேவிக்காரர்கள் பேரரசர்களின் காசை வாங்க மாட்டோம் என்று கடையைச் சாத்திவிட்டார்கள். கடையைத் திறங்கள், கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்குங்கள் என்று அதிகாரி உத்தரவு போடுகிறார். அப்போது அங்கே ஆட்சி மக்ரியனஸ், குயேட்டஸ் என்ற இரண்டு சகோதரர்கள் கையில். அடுத்த வருஷமே இருவரும் ஒழிந்தார்கள். காசில் வெள்ளி இல்லை, அதில் முகம் போட்டவனுக்கும் ஆயுசு இல்லை என்றால், பெட்டியடியில் உட்கார்ந்தவன் எதை நம்பி வாங்குவான்?

காசு மதிப்பிழந்தால் விலை ஏறத்தானே செய்யும்? அப்புறம் வந்த பேரரசர் டயோக்ளீஷியன் 301-இல் சரக்குக்கும் கூலிக்கும் உச்ச விலை வகுத்தார். மீறினால் மரண தண்டனை. பயந்துபோய்ச் சரக்கே சந்தைக்கு வரவில்லை என்று அக்காலத்திலேயே வாழ்ந்த லாக்டான்டியஸ் எழுதியிருக்கிறார்.